யூடிஎம் லிங்க்கும் ஜிஏ4-ம்: கிரிப்டோ கேம்பெய்னுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

கூகுளின் கேம்பெய்ன் யூஆர்எல் பில்டர் இலவசம். தள முகவரியைப் போட்டு சோர்ஸ் (எந்தத் தளம்), மீடியம் (எந்த வகை வழி), கேம்பெய்ன் கட்டங்களை நிரப்பினால், ஆள் எங்கிருந்து வந்தார் என்று சொல்லும் யூடிஎம் குறிப்புகள் (இனி 'வால்') ஒட்டிய லிங்க் கைக்கு வந்துவிடும். மீதியை ஜிஏ4 (கூகுள் அனலிட்டிக்ஸ் 4, தள வருகையை அளக்கும் கருவி) பார்த்துக்கொள்ளும். துணிக்கடைக்கு இது போதும். டோக்கன் (கிரிப்டோ நாணயம்) வெளியீட்டுக்கோ டெக்ஸுக்கோ (இடைத்தரகர் இல்லாத கிரிப்டோ சந்தை) பாதி வழிதான். ஆள் எந்தப் பதிவைப் பார்த்து வந்தார் என்று தெரியும். வாலட்டை (கிரிப்டோ பணப்பை) திறந்து பணம் போட்டாரா என்று தெரியாது.

முதலில் பில்டரின் குறை. எதை எழுதினாலும் வாங்கிக்கொள்ளும், திருத்தாது. சோர்ஸில் டெலிகிராம் என்பதை ஒருவர் பெரிய எழுத்தில் தொடங்கி, இன்னொருவர் முழுக்கச் சின்ன எழுத்தில் அடித்தால், ரிப்போர்ட்டில் இரண்டு தனி வரிகள் விழும். ஒரு கூகுள் ஷீட் இதைவிட நன்றாக வேலை செய்யும்: சோர்ஸுக்கும் மீடியத்துக்கும் டிராப்டவுன், எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்க ஒரு ஃபார்முலா, கடைசிப் பத்தியில் தயாரான லிங்க். யார், எந்தத் தேதியில், எந்த இன்ஃப்ளூயன்சருக்குக் கொடுத்தார் என்பதும் அதே வரியில் இருக்கட்டும். ஒரே கேம்பெய்னில் பத்து இன்ஃப்ளூயன்சர்கள் இருந்தால், ஆளைப் பிரிக்க கன்டென்ட் கட்டத்தைப் பயன்படுத்துங்கள். கேம்பெய்ன் பெயரை ஆளுக்கு ஒன்றாக மாற்றினால் மொத்தக் கணக்கு சிதறிவிடும்.

மீடியத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கிரிப்டோ வட்டாரத்தில் இன்ஃப்ளூயன்சரை 'கேஓஎல்' என்பது வழக்கம். அதையே மீடியமாகவும் போட்டுவிடுகிறார்கள். ஜிஏ4-இன் இயல்புச் சேனல் விதிகளுக்கு அந்தச் சொல் தெரியாது, அவற்றில் பல 'அன்அசைன்ட்' (எந்தச் சேனலிலும் சேராதவை) மூட்டைக்குள் போய்விடும். சோஷியல், ஈமெயில், அஃபிலியேட், சிபிசி என்று அது அறிந்த சொற்களையே வையுங்கள். ஏற்கெனவே தவறாகப் போயிருந்தால் அட்மின் பகுதியில் சொந்தமாக ஒரு சேனல் குரூப் உருவாக்கலாம். அது பழைய டேட்டாவுக்கும் சேர்த்தே பொருந்தும். அப்படியே டேட்டா ரிடென்ஷனையும் (டேட்டா எவ்வளவு காலம் சேமிக்கப்படும் என்ற அமைப்பு) பாருங்கள். இயல்பாக 2 மாதம்தான் இருக்கும், 14 மாதமாக மாற்றிவிடுங்கள். ஏர்டிராப் (இலவச டோக்கன் வினியோகம்) கேம்பெய்ன்கள் பல 2 மாதத்தில் முடிவதில்லை.

டிஆப் (பிளாக்செயினில் இயங்கும் செயலி) தளங்களில் முகவரிக்கு நடுவே '#' குறி வருவது சகஜம். வாலை அந்தக் குறிக்குப் பின்னால் ஒட்டினால் ஜிஏ4 அதைப் படிக்காது. கேள்விக்குறியும் வாலும் '#'-க்கு முன்னால் வர வேண்டும். பில்டரில் ஒட்டியதும் இதை ஒருமுறை கண்ணால் பாருங்கள். பிறகு லிங்க்கைச் செல்போனில் தட்டி, ரீடைரக்ட் எல்லாம் முடிந்து பக்கம் திறந்தபின் முகவரிப் பட்டையில் வால் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நடுவில் ஏதோ ஒரு ரீடைரக்ட் வெட்டிவிட்டது என்று பொருள்.

பொதுவான லிங்க் சுருக்கிகளை இந்தத் துறையில் தவிர்ப்பதே நல்லது. ஃபிஷிங்கில் அடிபட்ட கூட்டம் இது, சுருக்கிய லிங்க்கைக் கண்டாலே தொடமாட்டார்கள். சொந்த டொமைனில் சிறு ரீடைரக்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது செல்போன். கணினியில் மெட்டாமாஸ்க் (பிரபலமான ஒரு வாலட்) எக்ஸ்டென்ஷன் அதே பிரவுசரில் இருப்பதால் சிக்கல் இல்லை. செல்போனில் குரோமில் வந்தவர் 'மெட்டாமாஸ்க்கில் திற' பொத்தானை அழுத்தினால், தளம் வாலட்டுக்குள் இருக்கும் இன்னொரு பிரவுசரில் புதிதாகத் திறக்கும். குக்கி வேறு, எனவே ஜிஏ4-க்கு அவர் 'டைரக்ட்' வழியாக வந்த புது ஆள். பணம் போடுவது அங்கேதான் என்பதால் டெலிகிராமுக்குச் சேர வேண்டிய பெயர் டைரக்டுக்குப் போய்ச் சேர்கிறது. அந்தப் பொத்தானின் டீப் லிங்க்கிலேயே (செயலியை நேராகத் திறக்கும் லிங்க்) பழைய வாலையும் சேர்த்து அனுப்பச் சொல்லி டெவலப்பரிடம் கேளுங்கள். வாலட்கனெக்ட் (பிரவுசரில் உள்ள தளத்தை வாலட் செயலியோடு இணைக்கும் முறை) வழியில் ஆள் குரோமிலேயே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

பிரேவ் பிரவுசர் ஜிஏ ஸ்கிரிப்டை இயல்பாகவே தடுத்துவிடும். கிரிப்டோ ஆட்களிடம் பிரேவ் எவ்வளவு பிரபலம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஜிஏ4 காட்டும் எண்ணிக்கை எப்போதும் குறைவுதான். வாலை உங்கள் சர்வரிலும் பதிந்துகொள்ளுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் வழியாக வைக்கும் குக்கி சஃபாரியில் 7 நாளுக்கு மேல் நிற்காது என்பதால் குக்கியையும் சர்வரே வைக்கட்டும்.

ஒருவர் வாலட்டைத் தளத்தோடு இணைத்த நொடியில் வாலட் முகவரி, முதல் வருகையின் வால், கடைசி வருகையின் வால், நேரம் என்ற நான்கையும் சொந்த டேட்டாபேஸில் ஒரு வரியாக எழுதுங்கள். ஜிஏ4-க்கு 'வாலட் கனெக்ட்' என்ற ஈவென்ட் மட்டும் போகட்டும், அதைக் கீ ஈவென்ட்டாக (முக்கிய நிகழ்வு) குறியுங்கள். வாலட் முகவரியை அங்கே அனுப்பாதீர்கள். ஒருவரின் மொத்தப் பரிவர்த்தனையும் அந்த ஒரு முகவரியில் தொங்குகிறது. பிறகு டியூனில் (பிளாக்செயின் டேட்டாவைத் தேடும் தளம்) உங்கள் கான்ட்ராக்டுக்கு (பிளாக்செயினில் ஓடும் உங்கள் நிரல்) பணம் போட்ட முகவரிகளை எடுத்து இந்த வரிகளோடு பொருத்தினால், எந்த லிங்க் எத்தனை டெபாசிட் கொண்டுவந்தது என்று தெரிந்துவிடும். கிளிக் குவிந்தும் டெபாசிட் வராத லிங்க்குகள் அங்கேதான் அம்பலமாகும். அவற்றைத் தட்டியவர்கள் பெரும்பாலும் ஏர்டிராப்புக்காகவே நூறு வாலட் வைத்திருப்பவர்கள்தான். இரண்டு பட்டியலும் பொருந்தாமல் பூஜ்யம் வந்தால் எழுத்தைப் பாருங்கள். எத்தீரியம் முகவரி ஒரு பக்கம் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து வரும், இன்னொரு பக்கம் முழுக்கச் சின்ன எழுத்தாக இருக்கும். இரண்டையும் சின்ன எழுத்தாக்கிப் பொருத்துங்கள். சொலானாவில் மட்டும் அப்படிச் செய்யக் கூடாது, அங்கே எழுத்து மாறினால் முகவரியே வேறு.

டெலிகிராம் குழுவுக்கே ஆள் சேர்க்கும் கேம்பெய்னுக்கு யூடிஎம் வால் பயன்படாது. ஒவ்வோர் இன்ஃப்ளூயன்சருக்கும் தனி அழைப்பு லிங்க் உருவாக்கிப் பெயர் வைத்தால், அதன் வழியாக எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று டெலிகிராமே காட்டும். டெலிகிராம் பாட் (தானியங்கிக் கணக்கு) என்றால் லிங்க்கில் ஸ்டார்ட் குறியீடு சேர்க்கலாம்: 64 எழுத்துக்குள், ஆங்கில எழுத்து, எண், கீழ்க்கோடு, இணைப்புக்கோடு மட்டும்.

இதையெல்லாம் கட்ட ஆளில்லாதவர்களுக்கு ஸ்பிண்டில் போன்ற ஆன்செயின் அட்ரிபியூஷன் (எந்த லிங்க் எந்தப் பிளாக்செயின் பரிவர்த்தனையைக் கொண்டுவந்தது என்று கண்டறியும்) சேவைகள் உண்டு. ஸ்பிண்டிலை 2025-இல் காயின்பேஸ் வாங்கிவிட்டது. மாதம் நாலைந்து லிங்க் மட்டும் ஓட்டும் சின்ன அணிக்கு அது தேவையில்லை, ஷீட்டும் மேலே சொன்ன டேட்டாபேஸ் வரியும் போதும்.