வாங்கில் தனியே அமர்ந்திருக்கும் அம்மம்மா: ஒரு பென்சில் ஓவியம்

திருகோணமலையில் டச்பே கடற்கரைக்கு அண்மையில், தம் வீட்டிலேயே படம் வரைந்து கொடுக்கும் ஓவியர் ஒருவரிடம் எங்கள் அம்மம்மாவை வரைந்து தருமாறு கேட்டிருந்தேன். புகைப்படத்தைப் பார்த்து வரைய அவர் உடன்படவில்லை. மூன்று மாலைகள் எங்கள் விறாந்தைக்கே வந்து, அம்மம்மா வழக்கமாக அமரும் வாங்கிற்கு எதிரே கதிரையைப் போட்டு வரைந்தார். ஏ3 தாளில் அமைந்த அப்படத்திற்கு 12,000 ரூபாய் கொடுத்தேன், மனநிறைவோடுதான் கொடுத்தேன்.

அம்மம்மா குனிந்திருப்பதால் படத்தில் நெற்றியும் மூக்கு நுனியும் மட்டுமே தெரிகின்றன. "முகம் தெரியாத படத்தை என்ன செய்யிறது, பிள்ளை?" என்று அம்மா முதலில் குறைபட்டார். ஆனால் 1882இல் ஹேக் நகரில் டச்சு ஓவியர் வின்சென்ட் வான் கோக் பென்சிலால் வரைந்த முதியவரும் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டே அமர்ந்திருக்கிறார். அவருடைய துயரம் முழுவதும் வளைந்த முதுகிலும் இறுகிய கைகளிலும் இருக்கிறது. இங்கும் கைகள்தாம் பேசுகின்றன. விரல்களுக்கு இடையிலுள்ள நிழலை 6பி எனும் மென்மையான, கரிய பென்சிலால் அழுத்தித் தீட்டி, மொளிகளின் மேல் விழும் ஒளியை அழிறப்பரால் ஒற்றி எடுத்திருப்பதால், சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடிக்கும் அம்மம்மாவின் பழக்கம் அப்படியே தாளில் இறங்கியிருக்கிறது. வாங்கின் மறுபாதியில், அம்மப்பா இருந்த இடத்தில், மெல்லிய இரண்டு கோடுகள் மட்டுமே உள்ளன. அதைக் கண்ட பிறகு அம்மா முகத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

பாதங்கள் எனக்குத் திருப்தி தரவில்லை. மூன்றாம் நாள் வெளிச்சம் குறைந்த பின் ஓவியர் அவற்றை அவசரமாக முடித்தார். இடது பாதம் நிலத்தில் ஊன்றவில்லை.

படத்தை வாங்குவோர் சட்டமிடும்போது மிகுந்த கவனம் எடுக்க வேண்டும். நான் முதலில் கொடுத்த கடையில் கண்ணாடியைத் தாளோடு ஒட்டியே பொருத்திவிட்டார்கள். அப்படிச் செய்தால் பென்சில் கரி கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். வாடைக்காலத்து ஈரம் இடையில் தங்கிப் பூஞ்சணமும் பிடிக்கும். நல்ல வேளையாக ஒரு வாரத்திற்குள் கழற்றி, கரி உதிராதிருக்க ஓவியரைக் கொண்டே மருந்து தெளிப்பித்து, தாளைச் சுற்றித் தடித்த மவுண்ட் அட்டை வைத்து, கண்ணாடி தாளில் படாதவாறு மீண்டும் சட்டமிட்டேன். இப்போது அது மழைச் சாரல் படாத உட்சுவரில், அம்மம்மாவின் அறைக்கு எதிரே தொங்குகிறது.