ஒரு வருஷமா டபிள்யூபி ரெசிபி மேக்கர் யூஸ் பண்றேன், சமையல் பக்கம் வச்சிருக்கவங்களுக்கு என் ரிவ்யூ

எங்க அத்தையோட சமையல் அவங்களோட போயிடக்கூடாதுன்னுதான் இந்தப் பக்கத்த ஆரம்பிச்சேன். அத்தைன்னா மாமியார், எங்க பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். வேர்ட்பிரஸ்னு வெப்சைட் நடத்துற சாஃப்ட்வேர்ல நடத்துறேன், இப்போ 140 ரெசிபி ஆச்சு, மாசாமாசம் கரண்ட் பில்லும் நெட் பில்லும் அதுலயே கட்டுற அளவுக்கு வருது. இதுக்கு எது உதவுச்சுன்னு நிறைய பேர் கேக்குறீங்க, அதான் பொறுமையா உக்காந்து எழுதுறேன். போட்டோ, எழுத்து, அத்தையோட கைப்பக்குவம் எல்லாம் இருக்கட்டும், அதெல்லாம் போன வருஷத்துக்கு முன்னாடியும் இருந்துச்சு. ஆனா ஆள் வர ஆரம்பிச்சது ரெசிபி கார்ட, அதாவது பொருள், செய்முறை, நேரம் எல்லாம் ஒரே பெட்டியா காட்டுறத, ஒழுங்கா போட்டதுக்கு அப்புறம்தான். அதுக்கு நான் யூஸ் பண்றது டபிள்யூபி ரெசிபி மேக்கர்னு ஒரு பிளகின், அதாவது வேர்ட்பிரஸ்ல கூடுதலா சேத்துக்குற ஒரு சின்ன சாஃப்ட்வேர்.

இதுக்கு முன்னாடி வேற ஒரு பிளகின் வச்சிருந்தேன், பேர் வேணாம். ஒருநாள் அப்டேட் பண்ணப்போ சைட்டே திறக்கல, சரின்னு அத டீஆக்டிவேட் பண்ணேன் பாருங்க, 40 ரெசிபிலயும் பொருட்கள் லிஸ்ட் மொத்தமா காணாம போயி, அந்த இடத்துல வெறும் சதுர அடைப்புக்குறிக்குள்ள ஏதோ ஒரு கம்ப்யூட்டர் குறியீடு மட்டும் நிக்குது. காரக்குழம்புன்னு தலைப்பு இருக்கு, போட்டோ இருக்கு, நடுவுல குழம்பே இல்ல. ரெண்டு ராத்திரி உக்காந்து அத்தைகிட்ட திரும்பக் கேட்டுக் கேட்டு டைப் பண்ணேன். அதனால இத போடுறதுக்கு முன்னாடி முதல்ல செக் பண்ணது அந்த விஷயத்தத்தான். இந்த பிளகின ஆஃப் பண்ணாலும் பொருளும் செய்முறையும் சாதாரண எழுத்தா பக்கத்துல நிக்குது, அழகா இருக்காது, ஆனா இருக்கு. நான் வேணும்னே ஆஃப் பண்ணிப் பார்த்துட்டுத்தான் மிச்ச ரெசிபிய மாத்துனேன். நீங்களும் எந்த பிளகின் எடுத்தாலும் அப்படி ஒரு தடவ செஞ்சு பாத்துருங்க.

சரி, ரெசிபி கார்டு என்ன பண்ணுதுன்னா, நாம தனித்தனி கட்டத்துல போடுற பேரு, போட்டோ, பொருள், நேரம், எத்தன பேருக்கு, எல்லாத்தையும் கூகுளுக்குப் புரியுற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் குறியீடா மாத்தி பக்கத்துக்குப் பின்னாடி வச்சிருது. ஸ்கீமான்னு சொல்றாங்கள்ல அதுதான். தேடும்போது சில ரெசிபிக்கு மட்டும் பக்கத்துல குட்டி போட்டோ, ஸ்டாரு, எத்தன நிமிஷம்னு வருதே, அது இதனாலதான். கூகுள் கட்டாயம்னு கேக்குறது ரெண்டே ரெண்டு, பேரும் போட்டோவும். மத்ததெல்லாம் இருந்தா நல்லதுன்னு சொல்றாங்க, ஆனா நான் ஒண்ணு விடாம போடுறேன். போட்டோ மூணு அளவுல இருந்தா நல்லது, 1:1, 4:3, 16:9, அதனால எடுக்கும்போதே சுத்தி இடம் விட்டு எடுக்குறேன், எப்படி வெட்டுனாலும் கிண்ணம் நடுவுல நிக்கணும். போட்டதும் கூகுளோட ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட்ல லிங்க குடுத்துப் பாருங்க, எது விட்டுப்போச்சுன்னு அதுவே சொல்லும். எல்லாம் சரியா இருந்தாலும் கூகுள் காட்டியே ஆகும்னு கிடையாது, அத மனசுல வச்சுக்கோங்க.

நேரம் பத்தி கண்டிப்பா சொல்லணும். முதல்ல இட்லி மாவுக்கு வெறும் 40 நிமிஷம்னு போட்டிருந்தேன், அரைக்கிற நேரத்த மட்டும் கணக்குப் பண்ணி. ஒரு பொண்ணு சாயங்காலம் 5 மணிக்கு கமெண்ட் போட்டுச்சு, அக்கா நைட்டு டிபனுக்கு கெஸ்ட் வர்றாங்க, இதப் பார்த்து அரிசி நனைக்கப் போறேன்னு. எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. இந்த கார்டுல தயார் பண்ற நேரம், சமைக்கிற நேரம் தவிர நாமளே பேர் வச்சுக்குற மாதிரி இன்னொரு நேரக் கட்டம் இருக்கு, அதுக்கு "ஊறவும் புளிக்கவும்"னு பேர் வச்சு 12 மணி நேரம்னு போட்டேன், 4 மணி நேரம் ஊற, 8 மணி நேரம் புளிக்க. மொத்த நேரத்துலயும் அது சேந்துருது. இப்போ அந்த ரெசிபிய திறந்ததுமே தெரிஞ்சுரும், இது நாளைக்கு சாப்பிடுறதுன்னு.

அதே மாதிரி அளவு. எங்க அத்தை எல்லாமே ஆழாக்குலதான் சொல்வாங்க, நாலு ஆழாக்கு இட்லி அரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்துன்னு. ஒரு ஆழாக்கு 168 மில்லி, படில எட்டுல ஒரு பங்கு. நான் என்ன பண்ணேன், ஆழாக்குன்னு போட்டா யாருக்கும் புரியாதுன்னு அத அப்படியே கப்னு மாத்திட்டேன். ரைஸ் குக்கரோட வர்ற கப்பு 180 மில்லி, கடைல வாங்குற மெஷரிங் கப்பு 240 மில்லி, சில பேர் வீட்டுல இருக்குற டம்ளரையே எடுத்துப்பாங்க. அரிசிக்கும் உளுந்துக்கும் ஒரே கப்பு எடுத்தா பிரச்சனையே இல்ல, விகிதம் மாறாது. ஆனா உப்பு 2 டீஸ்பூன், வெந்தயம் 1 டீஸ்பூன்னு கூடவே போட்டிருந்தேன், பெரிய கப்புல அளந்தவங்களுக்கு மாவு உப்பே இல்லாம போச்சு. இப்போ கார்டுல ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்துல குறிப்புன்னு ஒரு இடம் இருக்குல்ல, அதுல கிராமும் போட்டுடுறேன். அரிசி நனைக்கிறதுக்கு முன்னாடி அத்தை அளந்து குடுக்க நான் தராசுல வச்சு எழுதிக்கிறேன், அதுக்கு ஒரு தனி நோட்டே இருக்கு எங்க அடுப்படில.

தமிழ்ல எழுதுறவங்களுக்கு இன்னும் ரெண்டு விஷயம். கார்டுல வர்ற இங்கிலீஷ் தலைப்பயெல்லாம் இந்த பிளகினோட டெம்ப்ளேட் எடிட்டர்ல போயி தமிழ்ல மாத்திக்கலாம், நான் "தேவையான பொருட்கள்", "செய்முறை"ன்னு மாத்திட்டேன், நேரா கார்டுக்கு குதிக்கிற பட்டனுக்கு "நேரா ரெசிபிக்கு"ன்னு வச்சிருக்கேன். அடுத்தது லிங்க். தலைப்பு தமிழ்ல இருந்தா வேர்ட்பிரஸ் லிங்கையும் தமிழ்லயே போடும், அத வாட்ஸாப்ல அனுப்புனா பாதி நேரம் பர்சன்டேஜ் குறியும் நம்பருமா நாலு வரிக்கு நீளும். ஒரு தமிழ் எழுத்துக்கு ஒம்போது இடம் புடிக்கும், கொம்பு கால் எல்லாம் தனிக்கணக்கு, 200 இடம் ஆனதும் வெட்டிரும், அதனால நீளமான தலைப்பு பாதில அறுந்து நிக்கும். லிங்க மட்டும் இங்கிலீஷ் எழுத்துல சின்னதா வச்சுக்கோங்க. தேடுறவங்க பாதிப்பேர் "வத்தக்குழம்பு"ன்னு இங்கிலீஷ் எழுத்துலதான் அடிக்கிறாங்க, அதுக்கும் இது ஒத்துவருது.

ஃப்ரீயா கிடைக்கிறதுலயே ஸ்கீமா, பிரிண்ட், கமெண்டோட ஸ்டார், ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் போட்டோ, வீடியோ எல்லாம் இருக்கு. காசு கட்டுற வெர்ஷன்லதான் எத்தன பேருக்குன்னு மாத்துனா பொருளோட அளவும் தானா மாறுறது, பொருள டிக் பண்றது, டைமர் எல்லாம். நான் ஏழு மாசம் ஃப்ரீலதான் ஓட்டுனேன். அப்புறம் காசு கட்டுனது அந்த ஆள் கணக்கு மாத்துறதுக்காக மட்டும்தான், ஏன்னா எங்க ரெசிபி எல்லாம் ஆறு பேருக்கு, படிக்கிறவங்க பாதிப்பேர் வெளியூர்ல தனியா சமைக்கிறவங்க. மெயில்ல "ரெண்டு பேருக்கு எவ்ளோ புளி"ன்னு வந்துட்டே இருந்த கேள்வி இப்போ நின்னுருச்சு.

இப்போ காசு விஷயம். நம்ம பக்கத்துல கூகுள் விளம்பரம் போட்டு காசு குடுக்குற ஆட்சென்ஸ, 2018 பிப்ரவரில இருந்து தமிழ் பக்கத்துக்கும் குடுக்குறாங்க. விளம்பரத்துல வர்றதுல கிட்டத்தட்ட 68 சதவீதம் நமக்கு. 10 டாலர் ஆனதும் வீட்டு அட்ரஸுக்கு தபால்ல ஒரு பின் நம்பர் வரும், அத போட்டு வெரிஃபை பண்ணணும், 100 டாலர் சேந்தாதான் பேங்குக்கு அனுப்புவாங்க. எனக்கு முதல் 100 சேர எட்டு மாசம் ஆச்சு, அவசரப்படாதீங்க. சைட்ட செட் பண்ணிக் குடுத்த ஒருத்தர் விளம்பரம் அதிகமா இருந்தா காசு அதிகம்னு சொல்லி பொருட்கள் லிஸ்டுக்கு நடுவுலயே ரெண்டு வச்சுட்டாரு. நானே அந்தப் பக்கத்த வச்சு ஒருநாள் சமைச்சேன், மொபைல ஃப்ரிட்ஜ் மேல சாச்சு வச்சு, கைல புளி கரைசல், அடுத்து மல்லிப்பொடி எவ்ளோன்னு நிமிர்ந்து பாக்குறேன், விளம்பரம் லோடாகி வரி கீழ ஓடிருச்சு, புறங்கையால தள்ளப்போயி விளம்பரத்துலயே பட்டு வேற பக்கம் திறந்துருச்சு, இங்க எண்ணெய்ல வெந்தயம் கருகிருச்சு. அன்னைக்கே கார்டுக்குள்ள இருந்ததெல்லாம் எடுத்துட்டேன். கை தவறி கிளிக் ஆகுற மாதிரி விளம்பரம் வைக்கக்கூடாதுன்னு ஆட்சென்ஸ் விதியே இருக்கு. இப்போ கார்டுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, அவ்ளோதான், அதுக்கான இடத்தையும் முன்னாடியே ஒதுக்கி வச்சாச்சு. எடுத்ததுக்கு அப்புறம் முதல் மாசம் வருமானம் கொஞ்சம் குறைஞ்சுச்சு, ஆனா வந்தவங்க திரும்ப வர ஆரம்பிச்சாங்க, நாலாவது மாசம் பழச தாண்டிருச்சு.

விளம்பரத்த விட எனக்கு அதிகம் வர்றது பொடில. குழம்புப்பொடி ரெசிபிக்குக் கீழ "அரைக்க நேரமில்லன்னா எங்ககிட்ட வாங்கிக்கலாம்"னு ஒரு வரியும் வாட்ஸாப் பட்டனும், வேற எதுவும் பண்ணல. ரெசிபிய முழுசா குடுத்துட்டா யார் வாங்குவான்னு வீட்டுல கேட்டாங்க, முழுசா குடுத்ததாலதான் வாங்குறாங்க, என்ன போட்டிருக்கோம்னு அவங்களுக்குத் தெரியுது. விக்கிறதா இருந்தா எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு அமைப்பு) பதிவு எடுத்துருங்க, அந்த 14 இலக்க நம்பர் பாக்கெட்ல இருக்கணும்.

கடைசியா ஒண்ணு, இது வேர்ட்பிரஸுக்கு மட்டும்தான். கூகுளோட பிளாகர்ல பக்கம் வச்சிருக்கவங்க இத போட முடியாது, ஸ்கீமாவ கைல எழுதி ஒவ்வொரு பக்கத்துலயும் ஒட்டணும், 10, 15 ரெசிபின்னா அப்படியே பண்ணிக்கலாம். அதுக்கு மேல போகும்னு தோணுச்சுன்னா இப்பவே மாத்திருங்க, 140 ஆனதுக்கு அப்புறம் மாத்துறது ரொம்ப கஷ்டம்.