இலக்கணம் தனியாகவா, இலக்கியத்தோடா?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 11ஆம் வகுப்பு ஆங்கிலம் என்றால் பெரும்பாலும் அமெரிக்க இலக்கியம்தான். அதற்குள் இலக்கணத்தைக் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, அதற்கென ஒரு நாளை ஒதுக்கிப் பயிற்சித் தாள் கொடுப்பது. 1877இல் ரீட், கெல்லாக் என்ற இரு அமெரிக்க ஆசிரியர்கள் பரப்பிய வாக்கிய வரைபடம் (வாக்கியத்தின் உறுப்புகளைக் கோடுகளில் பிரித்துக் காட்டுவது) இந்த வகை. திருத்துவது எளிது. ஆனால் தாளில் சரியாக எழுதியவரே கட்டுரையில் அதே பிழையைச் செய்கிறார். இப்படிப்பட்ட தனித்த பயிற்சிகள் எழுத்து வளர்ச்சிக்குத் தடை என்று அந்நாட்டு ஆங்கில ஆசிரியர்களின் தேசியக் கழகம் 1985லேயே தீர்மானம் போட்டது.

மற்றது, இலக்கிய இயக்கங்களோடு சேர்த்து நடத்துவது. கவிஞர் வால்ட் விட்மனின் வரிகள் ஒரே தொடக்கத்தை மீண்டும் மீண்டும் அடுக்கி நீள்கின்றன; இணையமைப்பை, அதாவது ஒரே அமைப்பிலான தொடர்களை அடுக்குவதை, காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை. நவீனத்துவ இயக்கத்தில் நாவலாசிரியர் ஹெமிங்வே: சிறு வாக்கியங்கள், ‘அண்ட்’ போட்டுக் கோத்தவை, சார்பு வாக்கியங்கள் குறைவு. ஏன் இப்படி எழுதினார் என்று கேட்டாலே முதல் உலகப் போரும் அவருடைய நாளிதழ்ப் பணியும் பேச்சுக்கு வந்துவிடும்.

எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஆனால் காற்புள்ளிப் பிழையும் (கமாவைத் தவறாகப் போடுவது) எழுவாய்-பயனிலை இயைபும் கவிதை வழியாகத் தாமாகத் திருந்தாது. மாணவர்களின் சொந்த வாக்கியங்களை எடுத்துப் பத்து நிமிடம் தனியாகத்தான் நடத்த வேண்டும்.