ஐடிஐயா, டிப்ளமோவா, பிளஸ் டூ தொழிற்பிரிவா: எந்தப் படிப்பு எதோடு ஒட்டும்?

பத்தாவது ரிசல்ட் வந்ததும் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு கேட்கிற கேள்வி, "இதைப் படிச்சா வேலை கிடைக்குமா?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் கூடவே இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இரண்டு வருஷம் கழித்துப் பையனோ பெண்ணோ மேலே படிக்க ஆசைப்பட்டால், இப்போது படிப்பது அந்தப் படிப்போடு ஒட்டுமா? இடம் கிடைப்பது வேறு, போய் உட்கார்ந்த வகுப்பில் பாடம் புரிவது வேறு. விதிகள் முதலாவதைத்தான் பார்த்துக்கொள்கின்றன.

முதலில் வருஷக் கணக்கு. பிளஸ் டூ இரண்டு, பி.இ. நான்கு, ஆக ஆறு. பாலிடெக்னிக் டிப்ளமோ மூன்று, அங்கிருந்து நேரடியாகப் பி.இ. இரண்டாம் ஆண்டு, இன்னும் மூன்று. அதுவும் ஆறுதான். டிப்ளமோ வழியாகப் போனால் ஒரு வருஷம் வீண் என்று இன்னமும் சொல்லித் திரிபவர்கள் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்ததில்லை. ஐடிஐ வழி கொஞ்சம் நீளம்: இரண்டு வருஷ ட்ரேடு, பிறகு டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேர்ந்து இரண்டு வருஷம், பிறகு பி.இ. மூன்று. மொத்தம் ஏழு. ஒரு வருஷம் கூடுதல். ஆனால் இரண்டாம் வருஷமே ஒரு சான்றிதழ், நான்காம் வருஷம் இன்னொன்று என்று வழியில் எங்கே நின்றாலும் கையில் ஒரு பிடி இருக்கும். வீட்டுச் சூழ்நிலை எப்போது மாறும் என்று தெரியாத குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

தாளில் எல்லா வழியும் இப்படித் திறந்துதான் இருக்கிறது. பாடத்திட்டத்தைப் புரட்டினால்தான் சங்கதி தெரியும். ஐடிஐ பாடத்திட்டம் மத்திய அரசின் பயிற்சித் தலைமை இயக்ககத்திலிருந்து வருகிறது. டிப்ளமோவுக்குச் சென்னையில் இருக்கும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், பி.இ.க்கு அண்ணா பல்கலைக்கழகம் (தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ளும்). இந்தக் கடைசி இரண்டும் ஒரே சர்தார் படேல் சாலையில்தான் இருக்கின்றன. பாடங்கள் மட்டும் அவ்வளவு பக்கத்தில் இல்லை.

ஐடிஐயை எடுத்துக்கொள்வோம். வேலைக்கு என்றே எழுதப்பட்ட பாடத்திட்டம் இது. ஃபிட்டர் ட்ரேடில் சேர்ந்தவன் முதல் சில மாதங்கள் வைஸில் இரும்பைப் பிடித்து அரம் போட்டுக்கொண்டே இருப்பான். தளம் சமமா, மூலை சரியாகத் தொண்ணூறு டிகிரியா, இரண்டு துண்டுகளைப் பொருத்தினால் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். சலிப்பான வேலை. ஆனால் வெர்னியர் காலிப்பரின் லீஸ்ட் கவுண்ட் (அது அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.02 மில்லிமீட்டர் என்று மனப்பாடமாகச் சொல்வதற்கும், அந்த அளவு கையில் படிவதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் வருகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து உதிரிபாகத் தொழிற்சாலைகளில் அரம் போடும் வேலை இன்று அரிது. கணினி இயக்கும் சிஎன்சி மெஷின் முன்னால் நின்று ஜாப்பை, அதாவது கடைய வேண்டிய துண்டை, ஏற்றி, வந்ததை கேஜ் என்கிற அளவுகருவி வைத்துச் சரிபார்க்கிற வேலைதான் அதிகம். பழைய ஐடிஐக்கும் இந்தத் தொழிற்சாலைத் தளத்துக்கும் இடையே இடைவெளி இருந்தது உண்மை. அதை மூடத்தான் தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை 4.0 தொழில்நுட்ப மையங்களாக மாற்றியது. செலவு 2,877 கோடி ரூபாய். உங்கள் ஊர் ஐடிஐ அந்த 71-இல் ஒன்றா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

செலவிலும் இதுவே லேசு. அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் தனி. முடித்த பிறகு அப்ரண்டிஸ், அதாவது உதவித்தொகை வாங்கிக்கொண்டே நிறுவனத்தில் தொழில் பழகுவது. பெரம்பூர் ஐ.சி.எஃப்., பொன்மலைப் பணிமனை, திருச்சி பெல் என்று பெரிய இடங்களே எடுக்கின்றன. ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு லெவல் 1 (ஆரம்ப நிலை) பணிகளில் 20 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. இதை ரயில்வே ஊர்க்காரர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருப்பார்கள். மற்ற ஊர்களில் யாரும் சொல்லித் தருவதில்லை.

மேற்படிப்பு என்று வந்தால் ஐடிஐ தடுமாறும். ட்ராயிங் ஓரளவு கைகொடுக்கும். ஆனால் ஒர்க்‌ஷாப் கணக்கிலிருந்து நேராக டிப்ளமோ இரண்டாம் ஆண்டுக்குப் போகிறவன், முதலாண்டுக் கணிதத்தையும் இயற்பியலையும் தாண்டிக் குதித்துவிட்டுத்தான் உட்காருகிறான். கையில் தொழில் இருக்கும், நோட்டில் கணக்கு இருக்காது.

பாலிடெக்னிக் இரண்டு பக்கமும் பார்க்கிற படிப்பு. அதுதான் அதன் பலம், அதுதான் தொல்லையும். வேலைப் பக்கம் பார்த்தால் சூப்பர்வைசர், இன்ஸ்பெக்‌ஷன், மெயின்டனன்ஸ் வேலைகளுக்குக் கம்பெனிகள் கேட்பது டிப்ளமோதான். ரயில்வே ஜூனியர் இன்ஜினியர் தேர்வையும் எழுதலாம். படிப்பு முடித்துத் தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் வழியாக அப்ரண்டிஸ் போனால் உதவித்தொகை உண்டு; 2019-இல் திருத்திய விதியில் டிப்ளமோவுக்குக் குறைந்தது மாதம் 8,000 ரூபாய் என்று இருந்தது. ஐடிஐக்கு 7,000, பட்டதாரிக்கு 9,000. அந்த விதியில் பட்டதாரிக்கும் டிப்ளமோவுக்கும் ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம் இருந்தது என்பதைக் கவனியுங்கள்; அந்த ஆயிரத்துக்காக இன்னும் மூன்று வருஷம் படிக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் பதவி உயர்வு வரும்போது அதே டிகிரி இல்லாமல் பலர் ஒரு கட்டத்துக்கு மேல் நகராமல் நிற்பதும் நடக்கிறது.

படிப்புப் பக்கம் திரும்பினால் பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டு. அனுமதித்த இடங்களுக்கு மேல் 10 சதவீதம், அதோடு முதலாண்டில் நிரம்பாத காலியிடங்களும். இன்று தனியார் பொறியியல் கல்லூரிகளில் காலியிடத்துக்குப் பஞ்சமில்லை, ஆகவே இடம் கிடைப்பது பெரிய காரியமில்லை. சிக்கல் மூன்றாம் செமஸ்டரில் வருகிறது. அண்ணா பல்கலையின் 2021 ஒழுங்குமுறையில், அதாவது அந்த ஆண்டுப் பாடத்திட்டத்தில், முதல் செமஸ்டரில் அணிகளும் நுண்கணிதமும், இரண்டாவதில் புள்ளியியலும் எண்ணியல் முறைகளும் இருந்தன. அதில் நேரடியாக வந்தவர் இந்த இரண்டையும் படிக்காமலேயே, மெக்கானிக்கலோ சிவிலோ எடுத்திருந்தால், ஃபூரியே தொடர், பகுதி வகைக்கெழுச் சமன்பாடு என்கிற கடினமான கணிதத்தில் நேராகப் போய் விழுந்தார். டிப்ளமோவிலும் தொகையிடல் படித்திருப்பார்தான், ஆனால் அங்கே போட்ட கணக்குகள் இரண்டு வரியில் முடிந்திருக்கும். இங்கே ஒரே கணக்கில் பகுதித் தொகையிடலை மூன்று தடவை போட வேண்டியிருக்கும். அதே பையன் லேபுக்குள் நுழைந்தால் பிளஸ் டூ வழியாக வந்தவர்கள் அவனைச் சுற்றி நின்று கற்றுக்கொள்வார்கள். மெஷினைத் தொடத் தெரிந்தவன் எம்-3 (மூன்றாம் செமஸ்டர் கணிதம்) அரியரில் மாட்டிக்கொள்வது, அவன் மந்தம் என்பதால் இல்லை. இடம் கொடுத்தவர்கள் நடுவில் ஒரு படியைக் கட்டாமல் விட்டார்கள், அவ்வளவுதான். செமஸ்டர் தொடங்கும் முன் ஆறு வாரம் கணிதம் நடத்தினாலே பாதிப் பேர் தேறிவிடுவார்கள் என்பது என் கணிப்பு. டிப்ளமோவின் 2023 ஒழுங்குமுறையில் மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்கு என்று உயர்கணிதத்தை விருப்பப் பாடமாக வைத்திருப்பது நல்ல ஆரம்பம். பாலிடெக்னிக்கில் இருப்பவர்கள் அதைச் சுலபமான பேப்பருக்காக விட்டுவிடக் கூடாது.

இந்த இடத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று சாண்ட்விச் டிப்ளமோ. மூன்றரை வருஷம், ஏழு செமஸ்டர், அதில் நான்காவதும் ஏழாவதும் முழுக்கத் தொழிற்சாலையில். கோவை சி.ஐ.டி. சாண்ட்விச் பாலிடெக்னிக்கில் கல்லூரியின் பெயரிலேயே சாண்ட்விச் உண்டு; பி.எஸ்.ஜி. பாலிடெக்னிக், திருச்சி சேஷசாயி போன்ற இடங்களிலும் சாண்ட்விச் பிரிவு இருக்கிறது. நடுவில் ஆறு மாதம் தளத்தில் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறவன் ஐந்தாம் செமஸ்டர் பாடத்தைக் கேட்கிற விதமே வேறு. வேலைக்கு ஒட்டுகிற வகையில் எனக்கு இதுதான் முதலிடம். பலவீனம், ஏழாவது செமஸ்டர் ஆண்டுக் கடைசியில் முடியும், பி.இ. சேர்க்கை அடுத்த ஆண்டு நடுவில். இடையில் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் வேலைக்குப் போனவர்களில் பலர் திரும்பப் படிக்க வருவதில்லை. அது நஷ்டமா லாபமா என்பது அவரவர் கணக்கு.

பிளஸ் டூ தொழிற்பிரிவு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது நல்ல நோக்கத்தோடு வந்தது. இன்று அடிப்படை மெக்கானிக்கல், அடிப்படை எலக்ட்ரிக்கல் பிரிவுகளில் கற்பது தொழிற்சாலைக்குப் போதாது, கல்லூரிக்கும் போதாது. ஐடிஐ ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் நேரம் பள்ளியில் கிடைக்காது. விதிவிலக்கு வேளாண் அறிவியலும் கணக்குப்பதிவியலும்: முன்னதற்கு வேளாண் பல்கலைக்கழகத்தில் தனி ஒதுக்கீடு இருக்கிறது, பின்னதைப் படித்தவர்கள் பி.காம். வகுப்பில் திணறுவதில்லை. இந்த இரண்டும் இல்லையென்றால், பக்கத்தில் ஐடிஐ இருக்கும்போது தொழிற்பிரிவில் சேர்ப்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

சரி, யாருக்கு எது? பதினெட்டு வயதில் சம்பளம் வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்றால் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், மெஷினிஸ்ட் மாதிரி இரண்டு வருஷ ட்ரேடு, உடனே அப்ரண்டிஸ். வேலையா படிப்பா என்று முடிவெடுக்க அவகாசம் வேண்டுமென்றால் டிப்ளமோ, முடிந்தால் சாண்ட்விச். பொறியியல்தான் என்று உறுதியாக இருக்கிற, அரசுப் பள்ளியில் படிக்கிற, கணக்கு வருகிற பிள்ளை என்றால் மட்டும் பாலிடெக்னிக் பக்கம் போகுமுன் ஒன்றைப் பாருங்கள். 2021 சட்டப்படி பொறியியல் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத முன்னுரிமை இருக்கிறது, கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அதற்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பத்தாவதோடு டிப்ளமோவுக்குக் கிளம்பினால் அந்தச் சலுகை அன்றே போய்விடும். பிறகு நேரடி இரண்டாம் ஆண்டில் தனியார் கல்லூரியில் சேர்ந்தால் மூன்று வருஷக் கட்டணம் குடும்பத்தின் தலையில்தான்.