படுக்கை நேரத்துக்கு எது: ஸ்டிக்கர் அட்டையா, அனுமதிச் சீட்டா?

எட்டரைக்குப் படுத்த பிள்ளை "தண்ணி", "ஒண்டுக்கு", "இன்னொரு கதை" என்று பத்து மணிவரை எழும்பிவந்தால், பெற்றோர் முதலில் தேடுவது ஸ்டிக்கர் அட்டையைத்தான். அது வேறொரு பிரச்சினைக்கான மருந்து.

பல் துலக்க, உடுப்பு மாற்றப் பிடிவாதம் பிடிக்கும் பிள்ளைக்கே அட்டை பொருத்தம். மூன்று நான்கு வேலைகளைப் படமாக வரைந்து, ஒவ்வொன்றும் முடிந்தவுடனே ஒட்டவிடுங்கள். "நித்திரை கொண்டால் ஸ்டிக்கர்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நித்திரையைப் பிள்ளையால் வரவழைக்க முடியாது, அமைதியாகப் படுத்திருக்கத்தான் முடியும். மூன்று வயதுக்காரருக்கு வாரக்கடைசிப் பரிசு எட்டாத தூரம். ஐந்து வயதில் மூன்று ஸ்டிக்கருக்கு ஒரு காலிமுகத்திடல் பயணம் என்று வைக்கலாம். கொடுத்ததைக் குழப்படிக்காகப் பிடுங்கினால் அட்டையே தண்டனையாகிவிடும். பல் துலக்கியபின் டொபி வேண்டவே வேண்டாம்.

எழும்பிவரும் பிள்ளைக்கு அனுமதிச் சீட்டே மேல். அமெரிக்க உளவியலாளர் பேட்ரிக் ஃப்ரிமனும் சகாக்களும் 1999இல் இதை வெளியிட்டார்கள். படுக்கும்போது சீட்டாக ஒரு சிறு அட்டையைக் கையில் கொடுங்கள். அதைத் தந்து பிள்ளை ஒரேயொரு தடவை அறையை விட்டு வெளியே வரலாம், அல்லது உங்களைக் கூப்பிடலாம். இரண்டு மூன்று நிமிடம், ஒரே தேவை, அத்துடன் சீட்டு உங்களிடம். பிறகு கூப்பிட்டால் பதில் இல்லை. எழும்பினால் பேச்சில்லாமல் கொண்டுபோய்ப் படுக்கவைப்பதுதான். காலைவரை சீட்டு மிஞ்சினால் சிறு பரிசு. இதன் பலம், பிள்ளைக்கு ஒரு பிடி கிடைப்பது: "வேண்டுமென்றால் கூப்பிடலாம்" என்ற நிம்மதியிலேயே பல பிள்ளைகள் சீட்டைச் சேமிக்கிறார்கள்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளில் எல்லோரும் ஒரே அறையில் படுப்பதுண்டு. அங்கே "அறையை விட்டு" என்பதை "நுளம்பு வலையை விட்டு" என்று மாற்றுங்கள். சீட்டு முடிந்தபின் அம்மம்மா இரக்கப்பட்டுத் தண்ணி கொடுத்தால் அன்றே முறை உடையும். எத்தனை தரம் கேட்டால் கிடைக்கும் என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்ளும். ஆகவே முதலில் அவரிடம் பேசுங்கள். ஆரம்ப இரவுகளில் அழுகை கூடலாம். அப்போது விட்டுக்கொடுத்தால் அடுத்த அழுகை நீளும்.

மூன்று வயதுக்குக் குறைந்தவருக்கு இரண்டும் விளங்காது. முன்பள்ளியால் வந்து மாலை ஐந்துவரை தூங்கும் பிள்ளையிடமும் இரண்டும் தோற்கும்: மூன்று முதல் ஐந்து வயதுவரை பகல் தூக்கமும் சேர்த்து நாளுக்கு 10–13 மணித்தியாலம் போதும். மூன்று மணிக்கே எழுப்பிவிடுங்கள். தினமும் குறட்டை விட்டு மூச்சுத் திணறினால் சீட்டையும் அட்டையையும் வைத்துவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.