ஜிங்கு மைதானத்தில் ஒரு நாள்: வசேடா–கெய்யோவா, டோக்கியோ பல்கலையா?

டோக்கியோவின் மெய்ஜி ஜிங்கு பேஸ்பால் மைதானம் 1926-இல் திறக்கப்பட்டது. 1934-இல் அமெரிக்க அணியோடு வந்த புகழ்பெற்ற வீரர் பேப் ரூத் மட்டை பிடித்த இடம். யாகுல்ட் ஸ்வாலோஸ் என்ற தொழில்முறை அணிக்கும் இதுதான் சொந்த மைதானம். ஆனால் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வார இறுதிப் பகல்கள் ஆறு பல்கலைக்கழகங்களின் லீக்குக்கு உரியவை. அதில் ஒரே ஒரு நாள் பார்க்க முடியும் என்றால் எதற்குப் போவது?

எல்லோரும் கைகாட்டுவது வசேடா, கெய்யோ பல்கலைக்கழகங்களின் மோதலைத்தான். ஒவ்வொரு பருவத்தின் கடைசி வாரத்தில் வரும். இந்தப் போட்டி 1903-லேயே தொடங்கியது. 1906-இல் இரு தரப்பு ரசிகர்களின் ஆவேசம் எல்லை மீறிப் போய் ஆட்டமே நின்றது. மறுபடி ஆடியது 1925-இல்தான். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. முதல் பேஸ் (ஓடுபவர் தொடவேண்டிய முனை) பக்கம் வசேடா ரசிகர்கள், மூன்றாம் பேஸ் பக்கம் கெய்யோ ரசிகர்கள். பித்தளை வாத்தியங்களும் முரசும் சேர்ந்து நெஞ்சுக்குள் அதிரும். ஒரு தரப்பு தன் கல்லூரிப் பாட்டைப் பாடும்போது எதிர்த்தரப்பு வாய் திறக்காமல் கேட்கும். அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

சரி, என் தேர்வு? டோக்கியோ பல்கலை ஆடும் ஒரு சாதாரண சனிக்கிழமை.

ஜப்பானில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் உலோக மட்டையில் ஆடுகிறார்கள். கல்லூரிக்கு வந்ததும் மர மட்டை. அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் கேட்கும் உலோக மட்டையின் 'டிங்' இங்கே கிடையாது. பந்து சரியாகப் பட்டால் காய்ந்த விறகு பிளக்கிற மாதிரி 'டக்'கென்று ஒரு சத்தம். கூட்டம் குறைந்த நாளில் அது தெளிவாகக் காதில் விழும். மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கையுறையில் பந்து அறையும் ஓசை, வீரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் குரல் எல்லாமே கேட்கும்.

அப்புறம் அந்த அணி. கடுமையான நுழைவுத் தேர்வு எழுதித்தான் டோக்கியோ பல்கலைக்குள் வர முடியும். பேஸ்பால் திறமைக்கென்று தனி இடமில்லை. இந்த லீக்கில் ஒருமுறைகூடப் பட்டம் வென்றதில்லை. வெற்றியே இல்லாமல் 94 தோல்விகளைச் சந்தித்த பிறகு, 2015 மே மாதம் ஹோசே பல்கலையை வீழ்த்தியது. இவர்களுக்கு ஒரு ஓட்டம் வந்தாலே ஆதரவாளர்கள் துள்ளிக் குதிப்பார்கள். வசேடா–கெய்யோ மோதலில் பட்டமே கைமாறலாம். ஆனாலும் ஒரு ஓட்டத்துக்கு இவ்வளவு மதிப்பு வேறெங்கே?

இன்னொரு லாபம்: சாதாரண வார இறுதியில் ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டங்கள். அடுத்ததில் லீக்கின் மற்ற அணிகளான மெய்ஜியோ ரிக்கியோவோ ஆடலாம்.

எதற்குப் போனாலும் தள்ளிப்போடாதீர்கள். அந்தப் பகுதியையே மாற்றிக் கட்டும் திட்டத்துக்காக 2024 அக்டோபரில் மரங்களை வெட்டத் தொடங்கிவிட்டார்கள். பக்கத்தில் புது மைதானம் எழுந்ததும் இதை இடிப்பதாகத் திட்டம். சுரங்க ரயிலின் கின்சா பாதையில் கையேன்மே நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடைதான். கேட்சருக்கு நேர் பின்னால், கொஞ்சம் மேலே உட்காருங்கள்.