திறக்க ஓர் எண், மூட வேறோர் எண்

கொரோனா இரண்டாம் அலைக்குப் பிறகு, 2021 ஜூலை 5 முதல் உணவகங்களில் பாதி இருக்கைகளில் அமர்ந்து சாப்பிடலாம் என்று தமிழக அரசு அறிவித்தபோது, கோவையில் நான் நடத்தும் சிறிய மெஸ்ஸில் எட்டு மேசைகளும் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. அவற்றை இறக்குவதா வேண்டாமா என்பதற்கு மூன்று வழிகள் இருந்தன. அரசு சொன்ன நாளிலேயே திறப்பது. தொற்று விகிதத்தைப் பார்த்துத் திறப்பது. மருத்துவமனைகளில் ஆக்சிஜன் படுக்கைகள் எவ்வளவு நிரம்பியிருக்கின்றன என்று பார்த்துத் திறப்பது. நான் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கும் அதன் பக்கம்தான் நிற்கிறேன், ஒரு முக்கியமான திருத்தத்தோடு.

அரசு ஆணையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது அனுமதி, கட்டாயம் அல்ல. மாநிலம் முழுவதற்கும் ஒரே நாளில் வந்த தளர்வு அது. ஆனால் மே கடைசியில் தினசரி எண்ணிக்கையில் சென்னையையே முந்திய மாவட்டம் எங்களுடையது. ஜூனில் தளர்வுகள் தொடங்கியபோதும் கட்டுப்பாடுகள் தொடர்ந்த 11 மாவட்டங்களில் கோவையும் ஒன்று. எங்களுக்கும் மற்ற ஊர்களுக்கும் ஒரே தேதி பொருந்தும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

தொற்று விகிதம், அதாவது நூறு பேரைப் பரிசோதித்தால் எத்தனை பேருக்குத் தொற்று உறுதியாகிறது என்ற கணக்கு, பலருக்கும் பிடித்த அளவுகோல். திறப்பதற்கு முன் அது இரண்டு வாரமாவது 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே சொல்லியிருந்தது. வாளையாறைத் தாண்டினால் கேரளம் அதை வைத்துத்தான் ஒவ்வொரு ஊராட்சியையும் வகை பிரித்தது. 2021 ஜூனில் 8 சதவீதத்துக்குக் கீழ் என்றால் ஏறக்குறைய எல்லாம் திறப்பு, 30-ஐத் தாண்டினால் முழு அடைப்பு. இதில் சிக்கல் என்னவென்றால், யாரைப் பரிசோதிக்கிறோம் என்பதைப் பொறுத்தே அந்த எண் ஏறி இறங்கும். காய்ச்சல் வந்தவர்களை மட்டும் பார்த்தால் ஒரு விகிதம், தெருத்தெருவாகப் போய்ப் பார்த்தால் வேறொரு விகிதம். வாரக்கணக்கில் கடை திறக்க முடியாத வியாபாரிகள் கொதித்தார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் கேரளமே அந்த முறையைக் கைவிட்டு, மக்கள்தொகையில் ஆயிரம் பேருக்கு எத்தனை தொற்று என்ற வாரக் கணக்குக்கு மாறியது.

அந்த ஜூன், ஜூலையில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நடத்திய நான்காவது ரத்தப் பரிசோதனை ஆய்வில் நாட்டில் 67 சதவீதத்தினருக்கு மேல், தொற்றோ தடுப்பூசியோ உடலில் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள் இருந்தது. கேரளத்தில் 44 சதவீதம்தான். அதாவது அங்கே இன்னும் தொற்றாதவர்கள் அதிகம், தொற்று விகிதமும் அதிகம். ஆனாலும் அவர்களின் மருத்துவமனைகள் தாங்கின. தொற்று விகிதத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்தத் தாங்கும் திறன் கண்ணில் படவே இல்லை.

எனக்குப் படுக்கைக் கணக்கு முக்கியமாகப் பட்டதற்குக் காரணம் வேறு. மே மாதத்தில் எங்கள் மெஸ்ஸில் மாவு அரைக்கும் அக்காவின் கணவருக்கு மூச்சுத்திணறல் வந்தது. ஒரு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ் வரிசையில் நான்கு மணி நேரம் நின்றோம். ஓட்டுநர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பின்னால் வந்து சிலிண்டர் முள்ளைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் முன்னால் போனார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ளே ஒரு படுக்கை காலியாகணும்னா இன்னொருத்தர் வீட்டுக்குப் போகணும், இல்லேன்னா போய்ச் சேரணும், இல்லையா கண்ணு?" என்று கேட்டார். அவர் கணவர் பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கு எத்தனை பேருக்குத் தொற்று என்பதைவிட, நாளைக்கு ஒருவருக்கு மூச்சு முட்டினால் இடம் இருக்குமா என்பதே பெரிய கேள்வியாகிவிட்டது.

மாநில அரசின் இணையதளத்தில் மருத்துவமனை வாரியாக ஆக்சிஜன் படுக்கைகள் எத்தனை நிரம்பியிருக்கின்றன, எத்தனை காலி என்று போட்டிருந்தார்கள். தினமும் இரவு கடை கழுவிய பிறகு அதைப் பார்த்துப் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். முதல் வாரத்திலேயே ஒரு தவறு செய்தேன். காலி என்ற எண்ணை எழுதிவந்தேன். புதிதாகப் படுக்கைகள் போட்டாலும் அந்த எண் ஏறும், நோயாளிகள் குறையாமலேயே. அதன்பிறகு நிரம்பிய எண்ணிக்கையை மட்டுமே எழுதினேன். யாராவது இதைச் செய்து பார்க்க நினைத்தால், இந்த ஒன்றை மறக்க வேண்டாம்.

மகாராஷ்டிரம் ஜூன் 7 முதல் இரண்டையும் சேர்த்தே பார்த்தது. தொற்று விகிதம் 5-க்குக் கீழ், ஆக்சிஜன் படுக்கை நிரம்பல் 25 சதவீதத்துக்குக் கீழ் என்றால் முதல் நிலை. மேலே போகப் போக ஐந்து நிலைகள். எண்கள் இறங்கிய பிறகும் மும்பை மாநகராட்சி கொஞ்ச காலம் மூன்றாம் நிலையிலேயே நின்றது. அந்த நிதானம் எனக்குப் பிடித்தது. அந்த 25 சதவீதத்தை நானும் எடுத்துக்கொண்டேன். நிரம்பிய படுக்கைகள் நான்கில் ஒன்றுக்குக் கீழே வர வேண்டும், இரண்டு வாரம் தொடர்ந்து இறங்க வேண்டும். இரண்டும் சரியாக அமைந்து, ஜூலை 12 அன்று நான்கு மேசைகளை இறக்கினேன். எதிர்வரிசைக் கடை ஒரு வாரம் முந்திவிட்டது. பார்சல் வருமானத்தில் நான்கு பேருக்குச் சம்பளம் கொடுத்த அந்த ஏழு நாட்கள் கடினமானவைதான்.

இனி அந்தத் திருத்தம். படுக்கைக் கணக்கு தாமதமாகப் பேசும். தொற்று ஏற்பட்டு, அறிகுறி வந்து, மூச்சுத்திணறி, மருத்துவமனைக்குப் போக ஒரு வாரம், பத்து நாள் ஆகிவிடும். போனவர் உடனே திரும்புவதும் இல்லை. இறங்குமுகத்தில் இந்தத் தாமதம் நமக்கு நல்லது. தொற்று தணிந்து பல நாள் கழித்தே படுக்கைகள் காலியாகும் என்பதால், அதை நம்பித் திறப்பவர் அவசரப்பட்டுத் திறக்க மாட்டார். ஏறுமுகத்தில் அதே தாமதம் ஆளைக் கொல்லும். படுக்கைகள் நிரம்பத் தொடங்குவதைப் பார்த்துவிட்டு இன்று மூடினாலும், பத்து நாளைக்கு முன்பே தொற்றியவர்கள் வரிசையாக வந்துகொண்டுதான் இருப்பார்கள். 2021 ஏப்ரல் கடைசியில் மத்திய அரசு கட்டுப்பாடுகளுக்குச் சொன்ன வரம்பு, ஒரு வாரத் தொற்று விகிதம் 10 சதவீதம் அல்லது படுக்கைகளில் 60 சதவீதம் நிரம்புதல். நம் மாநிலத்தில் முழு ஊரடங்கு மே 10-இல் வந்தது, தினசரித் தொற்று எண்ணிக்கை 36,184 என்ற உச்சத்தை மே 21-இல்தான் தொட்டது. அந்தப் பதினொரு நாட்களையும் அதற்குப் பிந்தைய நாட்களையும் ஆம்புலன்ஸ் வரிசையில் நின்றவர்கள் அறிவார்கள்.

ஆகவே திறக்கும்போது படுக்கையைப் பார்க்கிறேன், மூடும்போது தொற்று விகிதத்தைப் பார்க்கிறேன். அந்த ஜூலைக் கடைசியில் கோவையில் தினசரி எண்ணிக்கை மறுபடியும் மேலே போனது. படுக்கைப் பக்கம் அமைதியாகவே இருந்தது. நான் மேசைகளைச் சுவரோரம் ஏற்றிவிட்டேன். ஆகஸ்ட் தொடக்கத்தில் மாவட்ட நிர்வாகமும் கூடுதல் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது.

2022 ஜனவரியில் இந்தக் கணக்கு தடுமாறியது. ஒமிக்ரான் வந்து மாநிலத்தில் தினசரி எண்ணிக்கை மீண்டும் 30,000-ஐத் தாண்டியது. என் விதிப்படி நான் மூடியிருக்க வேண்டும். ஆனால் தடுப்பூசி போட்டவர்கள் நிறைந்துவிட்ட அந்த அலையில் படுக்கைகள் முந்தைய அளவுக்கு நிரம்பவில்லை. அரசு அனுமதித்த பாதி இருக்கைகளுடன் நடத்தினேன், ஞாயிற்றுக்கிழமை ஊரடங்கில் மூடினேன். அது சரியான முடிவாக முடிந்தது. ஆனால் ஒரே ஓர் அலையை வைத்து, தடுப்பூசிக்குப் பிறகு தொற்று விகிதம் தேவையில்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

இன்னொன்று, என் கணக்கு கோவை போன்ற ஊருக்கு. வால்பாறையிலோ நீலகிரியிலோ கடை வைத்திருப்பவர் உள்ளூர்ப் படுக்கையை எண்ணிப் பயனில்லை. அங்கே நிலைமை மோசமானால் நோயாளியை மலையிறக்கி இங்கேதான் கொண்டுவருகிறார்கள். அவர்கள் பார்க்க வேண்டியது கோவையின் எண்ணை.